மீறிச் சென்றவர்

தெற்கே, மலைக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் ஒரு சிறிய நகரத்தில் மிஷன் ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. ஓட்டுக் கூரை. நீளமான வராந்தா. வார்டுக்கு இருபது இரும்புக் கட்டில். கண்ணாடி ஊசியைக் கொதிநீரில் போட்டு எடுக்கும் வழக்கம் போய், ஒரு தடவை குத்தித் தூக்கி எறியும் ஊசி வந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை.

ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் ஒரு தகர அட்டை தொங்கும். அதில் கேஸ் ஷீட்டைச் செருகியிருப்பார்கள். பார்க்க வரும் சொந்தக்காரர்கள் அதைக் கையில் எடுப்பார்கள், கொஞ்ச நேரம் உற்றுப் பார்ப்பார்கள், ஒன்றும் புரியாமல் இருந்த இடத்திலேயே மாட்டிவிடுவார்கள்.

ஒரு நாள் கப்பலில் வேலை பார்க்கும் ஒருவர் லீவில் வந்து தன் அப்பாவின் ஷீட்டை எடுத்துப் பார்த்தார். அதில் எஸ்.ஓ.எஸ். என்று எழுதியிருந்தது. கப்பல் மூழ்கப் போகும்போது அனுப்புகிற செய்தி அது என்பதுதான் அவருக்குத் தெரியும். தபாலாபீசுக்கு ஓடி எல்லோருக்கும் தந்தி கொடுத்தார். மறுநாள் காலையில் ஒரு வேன் நிறைய பதினேழு பேர் அழுதுகொண்டே வந்து இறங்கினார்கள். அப்பா கட்டிலில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தார். தேவைப்பட்டால் மட்டும் ஒரு வலி மாத்திரை கொடு என்பதுதான் அந்த மூன்று எழுத்து.

அதற்குப் பிறகு பெரிய டாக்டர் ஒரு முடிவுக்கு வந்தார். ஆஸ்பத்திரியில் எழுதுகிற எழுத்துச் சுருக்கங்களுக்கெல்லாம் தமிழில் அர்த்தம் போட்டு ஒரு சின்னப் புத்தகம் அச்சடித்து, வருகிறவர்கள் கையில் கொடுக்க வேண்டும்.

அந்த வேலைக்கு வந்தவர் புலவர் தாணுலிங்கம். முப்பத்து மூன்று வருஷம் உயர்நிலைப் பள்ளியில் தமிழ் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். சைக்கிளின் எல்லா உறுப்புக்கும் தமிழ்ப் பெயர் வைத்திருந்தவர். மனைவி போன பின் தனியாக இருந்தார். காலையில் தானே சோறு பொங்கித் தின்றுவிட்டு, வெள்ளை வேட்டி, கதர்ச் சட்டை, கையில் ஒரு குடை என்று வருவார்.

டாக்டர்களிடம் கேட்டு நூற்று எண்பது எழுத்துச் சுருக்கங்களை நோட்டில் எழுதிவைத்திருந்தார். ஒரு பக்கத்துக்கு மூன்று கட்டம். எழுத்து, விரிவு, அர்த்தம். ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்பது அவர் கணக்கு.

பெரிய டாக்டர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "விரிவு சரியா இருக்கு. அர்த்தம் கனகமணி சிஸ்டர்கிட்ட கேட்டுக்கிடுங்க" என்றார்.

எஸ்தர் கனகமணி ஆண்கள் வார்டின் தலைமை நர்ஸ். நாற்பத்திரண்டு வயது. புலவரிடம் படித்த பிள்ளைகளின் வயதுதான். மதியம் இரண்டு மணிக்குச் சாப்பாட்டு வேலை முடியும். நான்கு மணிக்குப் பார்வையாளர்கள் வருவார்கள். நடுவில் இருக்கும் இரண்டு மணி நேரம் உங்களுக்கு என்றாள்.

முதல் நாள் நோட்டை வாங்கிப் பார்த்தாள். சி/ஓ என்று ஒரு எழுத்து. கம்ப்ளெய்ண்ட்ஸ் ஆஃப். அதற்கு நேராகப் புலவர் முறையீடு என்று எழுதியிருந்தார்.

"நோயாளி யார் மேல சார் கேஸ் போடுதார்?" என்று கேட்டாள்.

புலவருக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. கம்ப்ளெய்ண்ட் என்றால் முறையீடுதான், அகராதியில் இருக்கிறது என்றார்.

அவள் அவரை நான்காம் கட்டிலுக்கு அழைத்துப் போனாள். அங்கே பனையிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்த ஒரு மனுஷர் படுத்திருந்தார். என்ன செய்கிறது என்று கேட்டாள். ஒன்றுமில்லை, சும்மா ஒரு கடுப்பு, அது பாட்டுக்குப் போயிரும் என்று அவர் சிரித்தார். நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது.

திரும்பி வரும்போது புலவர் முறையீட்டை அடித்துவிட்டு, நோயாளி சொல்வது என்று எழுதினார். அவள் அதைப் பார்த்துவிட்டு, சொல்லாததையும் இதற்குக் கீழேதான் எழுதுவோம் என்றாள். அன்றைக்கு அந்த ஒரு சொல்லோடு மணி நான்காகிவிட்டது.

அப்படித்தான் நடந்தது. ஒரு நாளைக்கு நாலு சொல், ஐந்து சொல். ஒரு வாரம் என்று நினைத்தது மூன்று மாதத்துக்கு நீண்டது. புலவர் அதைப் பற்றி வருத்தப்படவில்லை. மதியம் இரண்டு மணிக்குப் போவதற்கு ஓர் இடம் இருந்தது. லோஷன் மணக்கிற வராந்தாவில் ஒரு மர ஸ்டூல் அவருக்கென்று ஆகியிருந்தது. கட்டில்காரர்கள் அவரைத் தமிழய்யா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். வீட்டுக்குக் கடிதம் எழுதச் சொல்வார்கள். எழுதிக் கொடுப்பார்.

என்.பி.ஓ. என்று ஒரு சொல் வந்தது. நில் பெர் ஓரல். வாய்வழி உணவு தவிர்க்க என்று எழுதியிருந்தார். நல்ல தமிழ்தானே என்றார். நல்ல தமிழ்தான் என்று சொல்லிவிட்டு, குடல் ஆபரேஷன் முடிந்து வந்த ஒரு மீனவர் பக்கத்தில் அவரை உட்கார வைத்தாள். தண்ணீர் கேட்பார், கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான் உங்கள் வேலை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அந்த மீனவர் முதலில் கெஞ்சினார். பிறகு ஏசினார். பிறகு அழுதார். ஒரு மடக்கு தண்ணீருக்காக ஓர் ஆள் அழுவதைப் புலவர் அதற்கு முன் பார்த்ததில்லை. முக்கால் மணி நேரம் ஆனதும் எழுந்து போய் அவளைக் கூப்பிட்டார். அவள் பஞ்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து புலவர் கையில் கொடுத்து, உதட்டில் மட்டும் ஒற்றச் சொன்னாள். அவர் ஒற்றினார். மீனவர் பஞ்சைப் பல்லால் பிடித்துக்கொண்டார்.

அன்று அந்தச் சொல்லுக்கு நேராக, வாய்க்கு ஒன்றும் கொடுக்கக் கூடாது, உதட்டை நனைக்கலாம் என்று எழுதினார். இரண்டாவது பாதி விரிவில் இல்லையே என்று அவரே சொன்னார். அவள் அடுத்த சொல்லுக்குப் போனாள்.

விட்டுப்போனவை என்று பெரிய டாக்டர் கொடுத்த வேறொரு பட்டியலில் எல் என்ற எழுத்துக்கு வரும்போது ஆடி மாதம். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பட்டியலைப் பார்த்து அவள் எழுத்துகளைச் சொல்லச் சொல்ல, புலவர் நோட்டில் சேர்த்துக்கொண்டே வந்தார். எல்.எஃப்.டி. ஈரல் சோதனை. எல்.பி. முதுகுத்தண்டில் நீர் எடுப்பது. எல்.ஏ.எம்.ஏ.

புலவரின் பேனா நின்றது.

"டாக்டர் பேரையும் இதுல சேக்கணுமா?" என்றார்.

"எந்த டாக்டர் சார்?"

"லாமா. பெரிய ஆஸ்பத்திரியில அப்படி ஒருத்தர் இருந்தார். பேரைப் பாத்தா மலைப் பக்கத்துக்காரர் மாதிரி இருக்கும். எங்க வீட்டுல உள்ளவ டிஸ்சார்ஜ் கார்டுல அவர்தான் கையெழுத்துப் போட்டிருக்கார்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாயைத் திறந்தவள் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"செவப்பு மையா சார்?"

"ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவள் பட்டியலை மடித்து மேஜையில் வைத்தாள். பிறகு, ஒவ்வொரு சொல்லாக, குரலை ஏற்றாமல் இறக்காமல் சொன்னாள். லெஃப்ட் அகெய்ன்ஸ்ட் மெடிக்கல் அட்வைஸ்.

புலவருக்கு அந்த நாலு சொல்லையும் தமிழாக்க அகராதி வேண்டியிருக்கவில்லை. மூன்றாவது கட்டத்தில், தன் வழக்கமான திருத்தமான கையெழுத்தில், மருத்துவர் சொல்லை மீறிச் சென்றவர் என்று எழுதினார். எழுதியதை ஒரு தடவை படித்துப் பார்த்தார். நோட்டை மூடினார். மழை விடவில்லை. குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. ஸ்டூல் காலியாகக் கிடந்தது. கட்டில்காரர்கள் தமிழய்யாவுக்குக் காய்ச்சலா என்று கேட்டார்கள். யாரையாவது வீட்டுக்கு அனுப்பிப் பார்க்கட்டுமா என்று ஆயாம்மா கேட்டபோது, வேண்டாம் என்றாள் கனகமணி.

ஐந்தாம் நாள் வந்தார். கையில் நோட்டு இல்லை. பழுப்பேறிய ஒரு கார்டு இருந்தது. அதை அவளிடம் நீட்டினார்.

பகவதி, ஐம்பது வயது, பெண். இரண்டு சிறுநீரகமும் செயலிழந்தது. தேதி ஒன்பது வருஷத்துக்கு முந்தையது. அடியில் சிவப்பு மையில் அந்த நாலு எழுத்து.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னார். சொல்ல அதிக நேரம் எடுக்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் பகவதியைச் சேர்த்து இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது. ரத்தத்தை இயந்திரத்தில் விட்டுச் சுத்தம் செய்தார்கள். நான்கு தடவை செய்தார்கள். ஐந்தாவது தடவைக்கு முந்தின நாள் பகவதி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்குப் போவோம் என்றாள். அவர் டாக்டர்களிடம் போய்ச் சொன்னார். அவர்கள் கூடாது என்றார்கள். இருந்தால் இன்னும் கொஞ்ச நாள் இழுத்துப் பிடிக்கலாம் என்றார்கள். எவ்வளவு நாள் என்று கேட்டதற்குச் சொல்லத் தெரியவில்லை. திரும்பி வந்து பகவதியிடம் சொன்னார். அவள் மறுபடியும் அதையே சொன்னாள். இப்படி இரண்டு நாள் நடந்தது. மூன்றாம் நாள் ஆங்கிலத்தில் ஒரு தாளை நீட்டினார்கள். படித்துப் பார்க்காமல் தமிழில் கையெழுத்துப் போட்டார்.

வீட்டில் பதினொரு நாள் இருந்தாள். கட்டிலை அடுக்களை வாசலுக்கு நேராகப் போடச் சொன்னாள். அதுவரை புலவருக்கு அடுப்புப் பற்றவைக்கக்கூடத் தெரியாது. திரி ஸ்டவ்வை எப்படி ஏற்றுவது, ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி, குழம்பு கொதிக்கும்போது என்ன வாடை வந்தால் இறக்க வேண்டும், எல்லாவற்றையும் படுத்துக்கொண்டே சொல்லிக் கொடுத்தாள். முதல் நாள் சோறு குழைந்துபோயிற்று. அதை ஒரு கரண்டி வாங்கித் தின்றுவிட்டு, பள்ளிக்கூடத்துல பெயில் போடுதவருக்கு இப்ப நான் பெயில் போடுதேன் என்றாள். ஒன்பதாம் நாள் ரசம் சரியாக வந்துவிட்டது என்றாள். அதற்குப் பிறகு அவள் எதுவும் சாப்பிடவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பின் அவர் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதினார். உயர்திரு டாக்டர் லாமா அவர்களுக்கு என்று தொடங்கி, எங்களை வீட்டுக்குப் போக அனுமதித்தீர்கள், அந்த நன்றியை மறக்கமாட்டேன் என்று முடித்தார். பதில் வரவில்லை. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர், அவருக்கு வேலை அதிகமிருக்கும் என்று புலவர் நினைத்துக்கொண்டார்.

"ஒம்பது வருஷமா அது ஒரு ஆளோட பேருன்னு நெனச்சேன் சிஸ்டர். எனக்கு வச்ச பேரு அது."

அவள் கார்டைத் திருப்பிக் கொடுத்தாள். நீங்கள் செய்தது சரி என்று சொல்லவில்லை. தப்பு என்றும் சொல்லவில்லை. பயிற்சியில் இருந்தபோது நடந்த ஒன்றைச் சொன்னாள்.

அப்போது அவளுக்கு இருபது வயது. ஒரு செங்கல்சூளைக்காரர் தன் மனைவியை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று நின்றார். தலைமை நர்ஸ் லீவு. இவள்தான் கார்டைக் கொடுக்க வேண்டும். கோபத்தில் கார்டைக் கட்டில்மேல் வீசி, கொண்டுபோய்க் கொல்லுங்க என்று சொல்லிவிட்டாள். அவர் குனிந்து கார்டை எடுத்துக்கொண்டார். அந்த அம்மாவைத் தோளில் தூக்கிக்கொண்டு வராந்தா முழுக்க நடந்து போனார். அந்த அம்மாவுக்குத் தலை நிற்காது. எப்படிப் பிடிக்க வேண்டும் என்று இவளுக்குத் தெரியும். அவருக்குத் தெரியவில்லை. தலை தொங்கிக்கொண்டே போயிற்று. இவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"பொறவு?" என்றார் புலவர்.

"பொறவு ஒண்ணுமில்ல சார். அவங்க எந்த ஊருன்னுகூட நான் கேக்கல."

நான் பகவதியை அங்கேயே வைத்திருந்தால் என்று அவர் ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

"நாளைக்கு ரெண்டு மணிக்கு வாங்க சார். நல்லா எழுதத் தெரிஞ்ச ஆள் ஒண்ணு வேணும்" என்றாள்.

மறுநாள் பதினான்காம் கட்டிலைச் சுற்றித் திரை போட்டிருந்தார்கள். மீரான் என்ற கொத்தனார் அதில் ஆறு வாரமாகப் படுத்திருந்தார். ஈரல் கெட்டு வயிறு ஊதிப்போயிருந்தது. அவருடைய மகள் மைமூன் காலையில் வந்து, வாப்பாவை வீட்டுக்குக் கொண்டுபோகிறோம் என்று சொல்லிவிட்டாள். வார்டு டாக்டர் அவளை உட்காரவைத்து நிதானமாகப் பேசினார். இங்கே இருந்தால் வயிற்று நீரை அவ்வப்போது எடுக்கலாம், மூச்சு முட்டினால் ஆக்சிஜன் வைக்கலாம், அதைச் சொல்லவேண்டியது என் கடமை என்றார். மைமூன் எல்லாவற்றையும் கேட்டாள். வாப்பா போகணும்னு கேக்குதாவ என்றாள். டாக்டர் மீரானையும் கேட்டார். மீரான் தலையை ஆட்டினார். டாக்டர் பெருமூச்சு விட்டு, ஷீட்டில் சிவப்பு மையால் நாலு எழுத்தை எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

புலவர் வந்தபோது கனகமணி மீரானின் உடம்பை வெந்நீரால் துடைத்து முடித்திருந்தாள். மைமூனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, ஒரு விரிப்பை மடித்து அடியில் கொடுத்து அவரை எப்படிப் புரட்டுவது என்று காட்டினாள். பிறகு அவளைச் செய்யச் சொன்னாள். மைமூன் அப்பாவின் முதுகில் கை வைக்கக் கூச்சப்பட்டாள். கனகமணி அவள் கைமேல் தன் கையை வைத்து அழுத்தினாள். மூன்றாவது தடவை மைமூன் தனியாகவே புரட்டிவிட்டாள்.

ஸ்டோரிலிருந்து ரப்பர் ஷீட் ஒன்று எடுத்துவரச் செய்தாள். வேலை முடிஞ்ச பொறவு கழுவிக் கொண்டாந்து தாம்மா என்றாள். என்ன வேலை முடிந்த பிறகு என்று மைமூன் கேட்கவில்லை.

பிறகு புலவரிடம் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்தாள்.

"பெரிய எழுத்தா எழுதுங்க சார். அவ மூணாங்கிளாஸ்தான்."

அவள் சொன்னாள், அவர் எழுதினார்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்கணும். இடது பக்கம், வலது பக்கம், மல்லாக்க.

முதுகு, இடுப்பு, குதிகால் மூன்றையும் தினம் பார்க்கணும். சிவந்தால் அந்தப் பக்கம் படுக்க வைக்கக் கூடாது.

தலையணை வைத்து உயர்த்தித்தான் ஊட்டணும். படுத்திருக்கும்போது வாயில் ஊற்றக் கூடாது.

சாப்பிட மறுத்தால் வற்புறுத்தக் கூடாது.

உதடு காயாமல் நனைத்துக்கொண்டே இருக்கணும்.

புலவர் இந்த இடத்தில் நிமிர்ந்து பார்த்தார். அவள் அடுத்ததைச் சொல்லிக்கொண்டு போனாள். வலிக்கு என்ன மாத்திரை, எத்தனை. மூச்சுத் திணறினால் எப்படிச் சாய்த்து உட்கார வைப்பது. எப்போது ஆஸ்பத்திரிக்குத் திரும்பக் கொண்டுவரலாம். எந்த நேரமும் கொண்டுவரலாம், கதவு பூட்டியிருக்காது. மொத்தம் பதினான்கு வரி வந்தது.

கடைசி வரியைச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் யோசித்தாள்.

"பேசினா பதில் சொல்லணும். பேசலைன்னாலும் பேசிக்கிட்டிருக்கணும். எழுதிக்கிட்டீங்களா சார்?"

எழுதினார். மை காயும்வரை தாளைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்.

தள்ளுவண்டியில் மீரானை வாசலுக்குக் கொண்டுபோனார்கள். கனகமணி கூடவே நடந்து போனாள். அம்பாசிடர் காரின் பின் சீட்டில் அவரை ஏற்றும்போது, அவருடைய தலையைத் தன் உள்ளங்கையில் தாங்கி, மைமூனின் மடியில் வைக்கும்வரை விடவில்லை. கார் கேட்டைத் தாண்டிப் போயிற்று. திரும்பி வந்து கை கழுவிவிட்டு, வார்டு ரிப்போர்ட் புத்தகத்தைத் திறந்தாள். பதினான்காம் கட்டில், மீரான், எல்.ஏ.எம்.ஏ., மூன்று மணி இருபது நிமிஷம் என்று எழுதினாள்.

புலவர் பார்த்துக்கொண்டு நின்றார். நீங்களும் அதையே எழுதுகிறீர்களே என்றார்.

"அதுதான் சார் எழுதணும்."

"இவ்வளவு நேரம் செஞ்சதுக்கு?"

"அதுக்கு எழுத்து கெடையாது" என்றாள். ஆயாம்மாவைக் கூப்பிட்டுக் கட்டிலுக்கு விரிப்பு மாற்றச் சொன்னாள்.

புலவர் வீட்டுக்குப் போய் நோட்டைத் திறந்து, தான் எழுதியிருந்த வரியை அடித்தார். வேறு எழுத முயன்றார். மருத்துவரின் அறிவுரைக்கு மாறாக. சொந்தப் பொறுப்பில். விருப்பத்தின் பேரில். ஒவ்வொன்றாக அடித்தார். கட்டத்தில் இடமில்லாமல் போயிற்று.

மற்ற சொற்களெல்லாம் ஆவணி முடிவதற்குள் முடிந்துவிட்டன. நோட்டு அச்சகத்துக்குப் போயிற்று. அந்த ஒரு கட்டத்துக்கு நேராக மட்டும், பின்னால் தருகிறேன் என்று குறித்துக் கொடுத்திருந்தார். அச்சகத்தார் ஈய எழுத்தைக் கோத்து வைத்துக்கொண்டு, அந்த ஒரு இடத்துக்காகக் காத்திருக்கிறோம் என்று இரண்டு தடவை ஆள் அனுப்பினார்கள். பெரிய டாக்டர் சிரித்துக்கொண்டே, புலவரே, ஒரே ஒரு சொல்தானே, அதை எடுத்துவிட்டால் என்ன என்று கேட்டார். எடுக்கக் கூடாது என்றார் புலவர்.

புரட்டாசியில் ஒரு மதியம், அச்சுப் பிரதியைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு வார்டுக்கு வந்தார். கனகமணி மருந்து அலமாரியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, பிரதியை மடியில் விரித்து வைத்தார். ஈர மை வாசம் வந்தது. எல் பக்கத்தில் ஒரு வெள்ளை இடம்.

"இதுக்கு நேரா என்ன போட சிஸ்டர்? இன்னைக்கு நீங்கதான் சொல்லணும்."

அவள் பதில் சொல்வதற்குள் வாசலில் மைமூன் வந்து நின்றாள். கையில் ரப்பர் ஷீட். கழுவிக் காயவைத்து, பவுடர் போட்டு, நாலாக மடித்து ஒரு துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள்.

வாப்பா மௌத்தாகி ஐந்து வாரமாயிற்று என்றாள். வீட்டுக்குப் போன ஒன்பதாம் நாள். அந்தத் தாளைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார்களாம். கடைசி மூன்று நாள் வாப்பா பேசவில்லை. தாளில் எழுதியிருந்தபடி இவள் பேசிக்கொண்டே இருந்தாளாம். என்ன பேசுவது என்று தெரியாமல், வாப்பா கட்டிய வீடுகளையெல்லாம் ஒவ்வொரு தெருவாகச் சொல்லிக்கொண்டு வந்தாளாம். ஒரு பள்ளிக்கூடத்தைச் சொல்ல மறந்தபோது விரலை அசைத்தாராம்.

இதையெல்லாம் அழாமல் சொன்னாள். பிறகு கனகமணியின் பக்கமாக ஒரு எட்டு எடுத்துவைத்தாள்.

"வாப்பாவைக் குளிப்பாட்டுனவங்க எல்லாருகிட்டயும் நான் கேட்டேன் சிஸ்டர். முதுகுல ஒரு புண்ணு இல்ல. ஒரு செவப்பு இல்ல."

கனகமணி ஷீட்டை வாங்கிக்கொண்டு அவள் தோளைத் தொட்டாள். மைமூன் புலவரையும் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனாள். வராந்தாவில் அவள் செருப்புச் சத்தம் கேட்டு, பிறகு கேட்காமல் போயிற்று.

புலவர் மடியில் இருந்த தாளைப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பகவதிக்கும் புண்ணு வரல" என்றார்.

கனகமணி அலமாரிக் கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"பதினொரு நாளும் வரல. நான்தான் புரட்டிப் போடுவேன். யாரும் சொல்லித் தரல. அவளே சொல்லுவா, இந்தப் பக்கம் வலிக்குன்னு. ராத்திரி அலாரம் வச்சு எந்திரிப்பேன். தேங்கா எண்ண தடவுவேன். கடைசி நாள் காலையில பாத்தேன், முதுகு பச்சப் பிள்ள முதுகு மாதிரி இருந்துது."

இத்தனை வருஷத்தில் அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

அவள் அலமாரியைச் சாத்தினாள். தன் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, அவர் கையில் கொடுத்தாள்.

"அர்த்தம் தெரிஞ்சுதான் சார் வச்சிருக்கீங்க. எழுதுங்க."